கல்லை எடுக்கும் முன் பேரைக் கேளுங்க



பறவை பார்ப்பதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் பறவை நிபுணன் இல்லை. மாடு, கடலைக்காய், கம்பு, முருங்கை என்று இருக்கிற சாதாரண சம்சாரி. பறவையைப் பார்க்க ஆரம்பித்ததும் ஆசைப்பட்டு இல்லை. ஒரு தப்புச் செய்துவிட்டு, அதற்கப்புறம்தான் பார்க்கத் தொடங்கினேன். அதனால் அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூன்று வருசத்துக்கு முந்தி, ஆடிப்பட்டத்தில் கிணற்று மேட்டுக் காட்டில் ஒரு ஏக்கர் கடலைக்காய் போட்டோம். எல்லாம் சொந்த விதை. அம்மாவும் வீட்டுக்காரியும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கையால் உரித்த 50 கிலோ பருப்பு. பீஜாமிர்தத்தில் நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி, ஏர் பின்னாலேயே நடந்து போட்ட விதை. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், தெற்கு ஓரம் முழுக்கக் குழி குழியாகப் பறித்துக் கிடக்கிறது. அஞ்சாம் நாள் இன்னும் ரெண்டு சால் காலி. ஆறாம் நாள் அப்பா பொழியில் நின்றுகொண்டு சொன்னார்: "இந்தத் தவிட்டுக் குருவிக பண்ற வேலைடா இது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்த மாதிரிதான் தெரிந்தது. எப்பப் போனாலும் ஏழெட்டுத் தவிட்டுக் குருவிகள் அந்த ஓரத்தில்தான் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு, சருகைப் புரட்டிப் புரட்டி எதையோ பொறுக்கும். நானும் நம்பிவிட்டேன். மண்ணாங்கட்டியை எடுத்து ரெண்டு வீசு வீசினேன்.

பக்கத்துக் காட்டு அண்ணனும் அதே வாரம்தான் கடலை போட்டிருந்தார். அவருக்கும் அதே தொல்லை. வேலியோரம் நின்று கேட்டார்: "ஏந்தம்பி, உன்ற காட்லயும் பறிக்குதா? எதுன்னு பாத்தியா?"

"ஆமாங்ணா, தவிட்டுக் குருவிதான். கூட்டம் கூட்டமா வருதுங்ணா."

எதையும் பார்க்காமலேதான் நான் இதைச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன விலை என்பது ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு காலை, ஒரு வேப்பமரம்

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இதைப் பேசிக்கொண்டிருந்தோம். எட்டாவது படிக்கிற மகள் கேட்டாள்: "தவிட்டுக் குருவி கடலைய எடுத்ததை நீங்க பாத்தீங்களாப்பா?"

"பாக்கறதுக்கு என்ன கண்ணு, அங்கதான உக்காந்திருக்குது."

"உக்காந்திருந்தா அதுதான் எடுத்துச்சுன்னு ஆயிருமா?"

பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் அஞ்சரை மணிக்கு ரெண்டு பேரும் போய் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். பேச்சு இல்லை, செல்போன் இல்லை. அவள் கையில் மட்டும் ஒரு பழைய நோட்டு.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கிழக்கு வெளுக்கும்போது, இன்னும் நிறம் தெரியாத அந்த நேரத்தில், கொறங்காட்டுப் பக்கம் கிளுவை வேலிச் சந்தில் தலையை நீட்டிக்கொண்டு நாலு பெண் மயில் இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. சால் பிடித்த மாதிரி வரிசையாக நடந்து, காலால் பறித்து, அலகால் எடுத்துக்கொண்டே போயின. கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, நாங்கள் எழுந்ததும் வேலிக்குள் புகுந்துவிட்டன.

வெளிச்சம் வந்த பின்னால் ரெண்டு காக்கை வந்தது. மண்ணைப் பிளந்துகொண்டு முளை தலை தூக்கும் இடமாகப் பார்த்து, முளையைப் பிடித்து இழுத்து, பருப்பை மட்டும் தின்றுவிட்டுப் போட்டது. ஏழு மணிக்கு மேல் அணில் இறங்கியது. அணில் எங்கள் கணக்கிலேயே இல்லாத ஆள்.

தவிட்டுக் குருவிகள்? அவை ஆறரைக்கு வந்தன. பொழியோரச் சருகைப் புரட்டி, பூச்சியும் கரையானும் பொறுக்கின. ஒன்று வெள்ளையாக, கொழுகொழுவென்று ஒரு வேர்ப்புழுவை இழுத்து எடுத்தது. கடலைக்குச் செலவு வைக்கிற அதே புழுதான். மயில் பறித்துப் போட்ட குழிக்குள்ளும் எட்டிப் பார்த்தன. குழிக்குப் பக்கத்தில் நின்றதுதான் அவை செய்த குற்றம்.

மகள் நோட்டில் எழுதினாள்: "மயில் 4, காக்கை 2, அணில் 3. தவிட்டுக் குருவி 8, கடலை எடுக்கவில்லை."

அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்துக் காட்டு அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சந்தைக்குப் போய் வர இருட்டிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் வேலியோரம் மூன்று தவிட்டுக் குருவி செத்துக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி ரெண்டு மைனா. கிளுவைக்கு அடியில் ஒரு செம்போத்து, இறக்கையை விரித்தபடி. அண்ணன் முந்தின நாள் மத்தியானமே அரிசி நொய்யில் குருணை மருந்தைக் கலந்து தெளித்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. "தவிட்டுக் குருவிதான்" என்று அடித்துச் சொன்னவன் நான். அந்த நொய்யை அவருடைய கோழிகளும் தின்றிருந்தன. அதில் அவருக்கும் ஆறு கோழி போனது. மயில்கள் மட்டும் அடுத்த நாளும் வந்தன.

நம் தோட்டத்தில் விஷம் தெளிப்பதில்லை என்று ஆறு வருசமாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவன் சொன்ன வார்த்தையே வேலிக்கு அந்தப் பக்கம் விஷமாகப் போய் விழுந்தது.

இந்தக் குருணை மருந்துகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கார்போபியூரான் போன்றவை பறவைகளுக்குக் கொடிய நஞ்சு. சின்னக் குருவி ஒன்றைக் கொல்ல ஒரு குருணை போதும். செத்த குருவியைத் தின்னும் பருந்தும் நாயும்கூடத் தப்பாது. மயில் விசயத்தில் சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை அது. கொன்றால் சிறைக்குப் போகிற குற்றம்.

அப்ப மயிலை என்ன பண்றது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் குருவியைப் பற்றி மட்டும் பேசினால் உங்களுக்குக் கோபம் வரும். நியாயம்தான். மயில் விதைக் கடலையையும் தக்காளியையும் மக்காச்சோளத்தையும் என்ன பாடு படுத்தும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரேயடியாகத் தடுக்கும் வழி என்னிடம் இல்லை. ஆனால் யார், எப்போது, எந்த வழியில் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டதால், காவல் காக்கும் வேலை பாதியாகிவிட்டது.

விதைத்ததிலிருந்து முளை வந்து ரெண்டாவது இலை விரியும் வரை, ஏறக்குறைய 12 நாள்தான் கடலைக்கு ஆபத்து. மயில் இறங்குவது விடிகாலையும் சாயங்காலமும். அதனால் அந்த 12 நாளும் காலையில் அஞ்சரையிலிருந்து ஏழு வரை, சாயங்காலம் அஞ்சிலிருந்து இருட்டும் வரை ஒரு ஆள் அல்லது ஒரு நாய் அங்கே இருந்தால் போதும். நாள் முழுக்கத் தகரம் தட்ட வேண்டியதில்லை.

மயில் எங்கள் காட்டுக்குப் பறந்து வரவில்லை, வேலிச் சந்தில் நடந்துதான் வந்தது. அந்த மூன்று சந்தையும் முள் வைத்து அடைத்தோம். உள்பக்கம் முழங்கால் உயரத்தில் ஒன்றும் இடுப்பு உயரத்தில் ஒன்றுமாக மினுக்கு நாடாவை முறுக்கிக் கட்டினோம். காற்றில் அது விர்ரென்று சத்தம் போடும். ஒரே இடத்தில் பத்து நாளைக்கு மேல் விட்டால் மயில் பழகிக்கொள்ளும், இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விதையை மேலாக விடாமல் ரெண்டு அங்குல ஆழத்தில் போட்டு, மேலே சருகு மூடாக்கு போட்டோம். காக்கைத் தொல்லை அதில் பெரும்பாலும் குறைந்தது. போன ஆடியில் ஓரத்தில் ஒரு சால் அளவுக்குத்தான் போனது. அதை மயிலின் பங்கு என்று விட்டுவிட்டோம்.

அடையாளம் காண்பது எப்படி?

சரி, பேர் தெரிந்துகொள்வதற்கு வருவோம். புத்தகத்தைத் திறந்த உடனே நூற்றுக்கணக்கில் படம் இருக்கும், தலை சுற்றும். அப்படி ஆரம்பிக்காதீர்கள். உங்கள் வாசலில், மாட்டுக் கொட்டகையில், கிணற்றடியில் தினமும் வரும் பத்துப் பறவையை முதலில் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்த பத்தை வைத்துத்தான் தெரியாத பதினொன்றாவதைப் பிடிக்க முடியும்.

நானும் மகளும் வைத்திருக்கும் முறை இது:

அளவு: சிட்டுக்குருவி, மைனா, காக்கை, பருந்து. இந்த நாலும்தான் எங்கள் படிக்கல். புதுப் பறவை ஒன்றைப் பார்த்தால் "மைனாவைவிடச் சின்னது, சிட்டுக்குருவியைவிடப் பெரிசு" என்று முதலில் எழுதுவோம். நிறம் வெயிலுக்குத் தகுந்த மாதிரி ஏமாற்றும், அளவு அவ்வளவாக ஏமாற்றாது.

அலகு: தின்பது என்ன என்று அலகே சொல்லிவிடும். குட்டையாக, தடித்துக் கூம்பு மாதிரி இருந்தால் தானியம் உடைக்கிற ஆள். மெலிந்து வளைந்திருந்தால் தேன் குடிக்கிற ஆள். கொக்கி மாதிரி இருந்தால் கறி தின்கிற ஆள்.

இடம்: தரையிலா, புதருக்குள்ளா, மரத்தின் உச்சியிலா, கரண்டுக் கம்பியிலா?

செய்கை: நடக்கிறதா, தத்துகிறதா? வாலை ஆட்டுகிறதா, தூக்கி நிறுத்துகிறதா? உட்கார்ந்த இடத்திலிருந்து பறந்துபோய்ப் பூச்சியைப் பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்புகிறதா?

சத்தம்: எழுத்தில் எழுத முடிகிறபடி எழுதுங்கள். "டிட் டிட் டூயிட்" என்று எழுதினாலும் தப்பில்லை. ஆள்காட்டிக்கு அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

கடைசியாகத்தான் நிறம். அதிலும் முழு உடம்பையும் பார்க்க நேரம் இருக்காது. கண்ணைச் சுற்றி, தொண்டை, வாலடி, இறக்கையில் பட்டை, இந்த நாலு இடத்தையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எல்லாம் பறவை இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால், புத்தகத்தில் இருக்கும் படத்துக்குத் தகுந்த மாதிரி ஞாபகம் மாறிவிடும். எனக்குப் பலமுறை அப்படி ஆகியிருக்கிறது.

தமிழில் நல்ல கையேடு இருக்கிறது. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு'. செல்போனில் மெர்லின் என்ற செயலி இலவசம். நம் நாட்டுப் பறவைத் தொகுப்பை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். சத்தத்தைக் கேட்டே பேர் சொல்லும். ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. கரிச்சான் சில நேரம் வல்லூறு மாதிரியே கத்தும். கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு எழுதுங்கள். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒரு வருசத்துக்கு ஒன்றும் குறையாது. எங்களுக்கு முதல் 40 பறவை வரை வெறும் கண்தான்.

குழப்பும் ஜோடிகள்

தோட்டத்தில் நாம் அடிக்கடி ஏமாறுகிற சில இடங்கள்:

கரிச்சானும் ஆண் குயிலும். ரெண்டும் கருப்பு. கரிச்சானுக்கு வால் மீன்வால் மாதிரி பிளந்திருக்கும், வெட்டவெளியில் கம்பியிலோ மாட்டு முதுகிலோ உட்காரும். எங்கள் பக்கம் ரெட்டைவால் குருவி என்பார்கள். குயிலுக்குக் கண் சிவப்பு, அலகு வெளிறிய பச்சை, இலைக்குள் ஒளிந்துகொள்ளும். பெண் குயில் கருப்பே இல்லை, பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும். அதை வேறு ஏதோ பறவை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

குண்டுக் கரிச்சானும் கருஞ்சிட்டும். ரெண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றியே திரியும். குண்டுக் கரிச்சானுக்கு இறக்கையில் நீளமான வெள்ளைப் பட்டையும் வெள்ளை வயிறும் உண்டு. கருஞ்சிட்டுக்கு வாலடியில் செங்கல் நிறம்.

வெள்ளைக் கொக்குகள். மாட்டுக்கும் ஏருக்கும் பின்னால் வருவது உண்ணிக்கொக்கு, அலகு மஞ்சள். அலகு கருப்பாக, கால் விரல் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது சின்னக் கொக்கு, தண்ணீர்ப் பக்கம்தான் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறந்தால் திடீரென்று வெள்ளை என்றால் அது மடையான்.

வல்லூறும் அக்காக் குயிலும். இதில் கோழியே ஏமாந்துபோகும். அக்காக் குயில் உருவத்திலும் பறக்கும் விதத்திலும் வல்லூறு போலவே இருக்கும். அதனால் ஒரு கோழிக்குஞ்சுக்கும் ஆபத்து இல்லை. கம்பளிப்புழுவைக்கூட விரும்பித் தின்னும். தன் முட்டையைத் தவிட்டுக் குருவிக் கூட்டில் இட்டுவிடும். குஞ்சை வளர்ப்பது தவிட்டுக் குருவிதான். தவிட்டுக் குருவிகள் போனால் இதுவும் போகும்.

கம்பங்கதிரில் உட்காருவதெல்லாம் சிட்டுக்குருவி இல்லை. சில்லையும் தூக்கணாங்குருவியும் கலந்து வரும். தூக்கணாங்குருவி தானியம் தின்பதுதான். ஆனால் குஞ்சு பொரித்திருக்கும்போது அது பூச்சியும் வெட்டுக்கிளியும் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுக்கும். கதிர் முற்றும் மாசத்தை மட்டும் பார்த்து அதற்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

பேர் தெரிந்ததால் தோட்டத்தில் மாறியவை

பறவைக்குப் பேர் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, எங்கள் காட்டில் மாறியதைச் சொல்கிறேன்.

ஒன்று, பறவை இருக்கை. கடலையிலும் உளுந்திலும் ஏக்கருக்குப் பதினைந்து இடத்தில் ஆள் உயரத்துக்குக் குச்சி நட்டு, மேலே குறுக்குக் குச்சி கட்டினோம். முன்பே கேள்விப்பட்ட யோசனைதான். ஆனால் கரிச்சான் எந்தக் குச்சியில் உட்காருகிறது, எதில் உட்காரவில்லை என்று பார்த்து இடம் மாற்றியது இப்போதுதான். மரத்துக்குப் பக்கத்தில் நட்ட குச்சி வீண், அங்கே மரமே இருக்கிறது. நடுக்காட்டில் நட்டதில்தான் எந்நேரமும் ஆள் இருந்தது. கம்பு, சோளத்தில் பால் பிடிக்கத் தொடங்கியதும் குச்சியைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே குச்சி தானியம் தின்பவர்களுக்கு நாற்காலியாகிவிடும்.

ரெண்டு, கிளுவை வேலி. கொறங்காட்டைச் சுற்றி இருக்கும் கிளுவையை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடலாம் என்று யோசித்து, விலையும் கேட்டு வைத்திருந்தேன். ஒரு சித்திரை மாசம் மகள் அந்த வேலியோரம் நடந்து எண்ணினாள். கொண்டைக்குருவிக் கூடு மூன்று, தவிட்டுக் குருவிக் கூடு ஒன்று, கதிர்க்குருவிக் கூடு ரெண்டு. கம்பி வேலி ஆட்டைத் தடுக்கும், கூடு தாங்காது. கிளுவையை விட்டுவிட்டு, இடைவெளி விழுந்த இடத்தில் போத்து வெட்டி நட்டோம்.

மூன்று, மொட்டைப் பனை. குருத்து காய்ந்து மொட்டையாக நின்ற ஒரு பனையைச் சூளைக்குக் கேட்டார்கள். பேரம் முடிகிற நேரத்தில், அதன் பொந்துக்குள்ளிருந்து பனங்காடை ஒன்று வெளியே வந்தது. உட்கார்ந்திருக்கும்போது அது மங்கலாகத்தான் இருக்கும். இறக்கையை விரித்தால் ஆகாசத்தையே வெட்டி ஒட்டிய மாதிரி நீலம். வெட்டுக்கிளியும் வண்டும்தான் அதற்குச் சாப்பாடு. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்க எண்ணிக்கை குறைந்துவரும் பறவைகளில் பனங்காடையையும் சேர்த்திருக்கிறது. மயில் பெருகியிருப்பதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. நம் காட்டில் நாம் பார்ப்பதும் அதுதானே? பனையைக் கொடுக்கவில்லை. அடுத்த வருசம் அதே பனையின் இன்னொரு பொந்தில் கிளி முட்டை வைத்தது.

நாலு, கோடை உழவு. ஆள்காட்டி கூடு கட்டாது. வெறும் தரையில் கூழாங்கல் நடுவே நாலு முட்டை இடும். முட்டையும் மண் நிறம், கறுப்புத் திட்டு. டிராக்டரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தாய்ப்பறவை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தும். முன்பெல்லாம் "இது ஏன் இப்படிக் கத்துது" என்று திட்டிவிட்டுப் போய்விடுவோம். இப்போது அது கத்தினால் டிராக்டரை நிறுத்துகிறோம். முட்டையைக் கண்டுபிடித்து, நாலு பக்கமும் குச்சி நட்டு, அந்தத் துண்டை மட்டும் விட்டு ஓட்டுகிறோம். பொரிக்க ஏறக்குறைய 28 நாள். ரெண்டு பாய் அளவு நிலம் ஒரு மாசம் உழாமல் கிடந்தால் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

துப்பாக்கியில் தொடங்கிய ஒருவர்

இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் சாலிம் அலி. 1896இல் பிறந்தவர். அவர் பறவை பார்க்க வந்த கதையும் ஒரு குருவியைக் கொன்றதில்தான் தொடங்குகிறது. சின்னப் பையனாக இருக்கும்போது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரணச் சிட்டுக்குருவி மாதிரி இல்லை, தொண்டையில் மஞ்சள் இருந்தது. அது என்ன என்று தெரிந்துகொள்ள, மாமா சொன்னபடி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த மில்லர்டு என்ற வெள்ளைக்காரர் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, அங்கே பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையும் எடுத்துக் காட்டினார். 1941இல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் இன்றைக்கும் படிக்கப்படுகிறது. "இது என்ன?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டதால் வந்தது அவ்வளவும். நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன், ஆனால் ஒரு நாள் தாமதமாக.

நீங்கள் செய்ய வேண்டியது

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், காலையில் 15 நிமிசம். தினமும் ஒரே இடம். தேதி, நேரம், என்ன பறவை, எத்தனை, என்ன செய்தது. "என்ன செய்தது" என்ற கடைசிப் பத்தியைத் தவறாமல் எழுதுங்கள். சம்சாரிக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. பேர் தெரியாவிட்டால் "வாலாட்டுகிற சாம்பல் குருவி" என்று நீங்களே ஒரு பேர் வைத்துக்கொள்ளுங்கள். சரியான பேர் பிறகு வரும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். எங்கள் அம்மாயிக்குப் புத்தகப் பேர் ஒன்றும் தெரியாது. ஆனால் எது எந்த மாசம் வரும், எது மண்ணில் முட்டையிடும், எது மரப்பொந்தில் இடும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்கு இன்னும் தெரியாது.

கூட்டைக் கண்டால் நெருங்காதீர்கள். திரும்பத் திரும்பப் போனால் காக்கைக்கு நாமே வழி காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முட்டையைத் தொடுவது, கிளையை விலக்கிப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நாலு நாள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிசமாவது ஒரு இடத்தில் இருந்து பார்த்ததை எண்ணி, இ-பேர்டு தளத்தில் ஏற்றலாம். ஏரிக்கரைக்கும் சரணாலயத்துக்கும் போய் எண்ணுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொறங்காட்டையும் மாட்டுக் கொட்டகையையும் கடலைக் காட்டையும் எண்ண நம்மை விட்டால் ஆள் இல்லை. மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மாட்டைக் குளிப்பாட்டும் போதே எண்ணிவிடலாம், உண்ணிக்கொக்கும் கரிச்சானும் எப்படியும் அங்கேதான் இருக்கும்.

எங்கள் நோட்டில் இப்போது 63 பறவை இருக்கிறது. முதல் பக்கத்தில் மகள் எழுதிய "தவிட்டுக் குருவி 8" அப்படியே இருக்கிறது. அதற்கு ரெண்டு நாள் கழித்து எழுதிய பக்கத்தில் "தவிட்டுக் குருவி 5" என்று இருக்கும். ஒன்றரை வருசம் அது அஞ்சு, ஆறு என்றேதான் போனது. போன தையில் எண்ணும்போது ஒன்பது.

பக்கத்துக் காட்டு அண்ணனிடம் அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். "கோழி போனது போகட்டும் தம்பி, உன்ற பேச்ச நம்பி நானும் பாக்காம போட்டன் பாரு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. இந்த ஆடியில் விதை போட்ட மூன்றாம் நாள், இருட்டு விலகும் முன்னாலேயே வேலிக்கு அந்தப் பக்கம் பீடி நெருப்பு தெரிந்தது. வரப்பில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, சத்தம் போடாமல் உட்காரச் சொன்னார்.